மத்தியானத்து விசிறி

எங்கள் பஞ்சு ஆலைக்குள் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது சூடுதான். காவல்காரர் அதற்கப்புறம்தான் கண் விழிப்பார். பழைய துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, பல் வைத்த உருளைகளில் விட்டுக் கிழித்து, பஞ்சாக்கி, மெத்தை தைக்கிறவர்களுக்கு அனுப்புகிற ஆலை. யாரோ போட்டுக் கழித்த சட்டை, யாரோ குழந்தையைச் சுற்றி வைத்திருந்த துண்டு, எல்லாம் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் சாம்பல் நிறத்தில் பொங்கி வரும். வாசலை ஒட்டி நான் கேன்டீன் நடத்துகிறேன். டீ, ரொட்டி, அவித்த முட்டை, மத்தியானத்துக்குச் சோறு. எனக்கு வாய் நீளம் என்று பேச்சு. நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்கு அதுவும் இல்லையென்றால் எப்படிப் பொழுது போகும்?

என் வீட்டுக்கும் ஆலை ஃபிட்டர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் மெல்லிசு. அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் மூன்று பேர்: ஃபிட்டர், அவர் மனைவி, அவர் தங்கை. மனைவியும் ஆலையில்தான், மிஷினுக்குத் துணி போடுகிற வேலை. நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். ஃபிட்டரின் தங்கைக்கு வாலு என்று பேர் வைத்தது நான். ஓர் இடத்தில் உட்காராத பெண்ணுக்கு வேறென்ன பேர் வைப்பது?

முன்பெல்லாம் ஆலைக் கூடத்தில் பெரிய மஞ்சள் குண்டு பல்புகள் தொங்கின. கூரையில் நடுநடுவே கண்ணாடித் தகடு. மேலேயிருந்து வெயில், அதற்குக் கீழே பல்புச் சூடு, அதற்கும் கீழே மிஷின் சூடு. மூன்றுக்கும் அடியில் மனிதர்கள். கோடையில் வாரத்துக்கு ஒருவராவது சுருண்டு விழுவார்கள். தூக்கிக்கொண்டு வந்து என் கேன்டீன் பெஞ்சில்தான் போடுவார்கள். தண்ணீர் தெளித்து, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து எழுப்புவேன். மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்பது, "சூப்பர்வைசர் பார்த்துட்டாரா?" என்றுதான்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டியவர் ஃபிட்டர். முதலாளி வரும் நாளாகப் பார்த்து, எண்ணெய்க் கையோடு போய் நின்றார். "ஐயா, உள்ள வேலை செய்யறது மனுஷங்க. ரொட்டி இல்ல, வேகறதுக்கு" என்றார். முதலாளிக்கு அன்றைக்கு என்ன நல்ல நேரமோ, கேட்டுக்கொண்டார். கூரைக் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலை மறைத்தார்கள். குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு, சூடே இல்லாத நீள நீள வெள்ளை விளக்குகளை வரிசையாக மாட்டினார்கள். கூடத்தின் கடைசியில் ஆளுயர இரும்பு விசிறி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மத்தியானம் அனல் காற்று அடிக்கிற நேரத்தில் மட்டும் பெரிய இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிடுவது என்று ஏற்பாடு.

உள்ளே போய்ப் பார்த்தால் வேறு ஆலை. பால் மாதிரி வெளிச்சம், முகத்தில் காற்று. அந்தக் கோடையில் என் பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஆட்கள் ஃபிட்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவரும் கொஞ்சம் மிதந்தார், அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது.

விசிறிக்கு ஒரு நோய் உண்டு. அது காற்றை இழுப்பது பின்பக்கத்தில். பறக்கிற பஞ்செல்லாம் பின்பக்க வலையில் போய் அப்பிக்கொள்ளும். அரை நாளில் வலை கம்பளி மாதிரி ஆகிக் காற்று நின்றுபோகும். அதனால் ஆட்களே அந்த வலையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்கள். அப்புறம் பஞ்சு இறக்கைகளில் அப்பியது. இறக்கை கனத்து, விசிறி தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. ஆகவே சனிக்கிழமை மத்தியானம் இறக்கையைத் துடைக்க வேண்டும். துடைக்கப் போகிறவர் கையைத் தூக்கிக் காட்டினால், சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் அணைப்பார். அணைத்தாலும் அவ்வளவு பெரிய விசிறி உடனே நிற்காது, ஆடி அசைந்துதான் நிற்கும். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? இறக்கை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகம் குறைந்ததும், ஒரு துணிப்பந்தை எடுத்துப் பின்பக்கமாக இறக்கையில் அழுத்துவார்கள். துடைத்ததும் ஆச்சு, நிறுத்தினதும் ஆச்சு. எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள், ஃபிட்டர் உட்பட.

ஒரு சனிக்கிழமை துடைக்கப் போனது ஃபிட்டர் மனைவி.

மிஷின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறந்து நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததைத்தான் பார்த்தேன். என் பெஞ்சில் கிடத்தினார்கள். கையில் சுற்றியிருந்த பஞ்சு சாம்பல் நிறத்தில் இல்லை. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, அது நின்னுட்டு இருந்துச்சு" என்றாள். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாயந்திரம் சோறும் முட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஃபிட்டர் ஒரு மூலையில், அவள் ஒரு மூலையில். வாலு நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கை தூக்கிக் காட்டினேன். நீங்க அணைச்சீங்க" என்றாள் அவள்.

"நீ கை காட்டினதையே நான் பார்க்கல. பெரிய மிஷின்ல துணி சிக்கிக்கிச்சு. குனிஞ்சு அதை இழுத்துட்டு இருந்தேன்."

"அப்ப ஃபேனை யாரு அணைச்சது?"

"யாரும் அணைக்கல. அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு."

"ஓடற ஃபேன்ல கையை விடறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? மெதுவா சுத்திட்டு இருந்துச்சுங்க. அதுவும் பின்னாடி சுத்துச்சு. கரன்ட் இல்லாத ஃபேன் காத்துக்குப் பின்னாடி சுத்துமே, அந்த மாதிரி. சோம்பல் முறிக்கிற மாதிரி."

"இங்க பாரு, மத்தியான நேரம். காலையிலேர்ந்து நின்ன கால். கண்ணு இருட்டியிருக்கும், தலை சுத்தியிருக்கும்..."

"தலை சுத்தினா எனக்கு இவ்வளவு தெரியுமா? இறக்கையில சிவப்பு நூலு ஒட்டிட்டு இருந்துச்சு. நாலு இறக்கையிலயும் இருந்துச்சு. ஒவ்வொண்ணா என் முன்னாடி வந்துச்சு."

ஃபிட்டர் எழுந்துவிட்டார். "அதைத்தான் நானும் சொல்றேன். அன்னிக்கே நிறுத்திட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு இறக்கையிலதான் நூல் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. நீ நாலு பார்த்திருக்க. அப்ப மயக்கமா இல்லையா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சோற்றுப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாலுதான் வாங்கிக்கொண்டாள்.

வாசல் வரைக்கும் என்னோடு வந்த தங்கச்சி மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஒண்ணு நான் பைத்தியம். இல்லன்னா அவரு அணைச்சிட்டு மறுபடியும் போட்டிருக்காரு, வேலை போயிடுமோன்னு மறைக்கறாரு. ரெண்டுல எதுவா இருந்தாலும் இந்த வீட்டுல நான் எப்படி இருக்கறது? கை ஆறட்டும். அப்புறம் எங்கயாவது போயிடறேன்."

இதைச் சும்மா கோபத்தில் சொல்கிறவள் இல்லை.

சூப்பர்வைசர் விசாரணை வைத்தார். எதைக் கேட்டாலும் 'அப்புறம் பார்க்கலாம்' என்பதால் அவருக்கு அப்புறம் என்றே பேர். அவர் ஒன்றை உடனே பார்த்தார் என்றால் அது இந்த விசாரணைதான். காலையில் வேலை தொடங்கும் முன்னால், கதவைப் பரக்கத் திறந்துவைத்து, விளக்கையெல்லாம் போட்டு, விசிறியை ஓடவிட்டு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். இறக்கையே தெரியவில்லை, வெறும் புகை வட்டம்.

"இது யாருக்காவது மெதுவா சுத்தற மாதிரி தெரியுதா?" என்று கேட்டார்.

வரிசை முழுக்க 'இல்லை' என்று தலையாட்டியது.

"சரி. வெயில் மயக்கம்" என்று முடித்துவிட்டார். "இனிமே துடைக்கப் போறவங்களே அவங்க கையால சுவிட்சை அணைச்சிட்டுத்தான் போகணும். கை காட்டற வேலையெல்லாம் கூடாது."

கழற்றி வைத்த வலையைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

கேன்டீனில் வேறு பேச்சு ஓடியது. மூட்டை இறக்குகிறவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. நமக்கு வர்ற துணியெல்லாம் யாரு யாரு போட்டது? உசிரோட இருக்கறவங்க துணி மட்டுமா வருது? செத்தவங்க வீட்டுலேர்ந்து மொத்தமா அள்ளிப் போடறான். அதைப் பல்லு வெச்சுக் கிழிக்கிறோம். கிழிபடறது சும்மா போகுமா?"

"டீயைக் குடிச்சிட்டு எழுந்திரு. எனக்குப் பாத்திரம் கழுவணும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு அடுப்பைத் துடைக்க எடுத்த பழந்துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாருடையதோ.

அவர் மட்டும் இல்லை. இன்னொருத்தி, மிஷின் பெல்ட் கண்ணெதிரே அசையாமல் நின்றதாகவும், அடியில் பஞ்சு மட்டும் கொட்டிக்கொண்டே இருந்ததாகவும் சொன்னாள். ஒருவன் மத்தியானத்தில் கையை ஆட்டினால் தனக்குப் பத்துக் கை தெரிகிறது என்றான். சிரித்தார்கள். ஆனால் மத்தியானத்தில் கடைசி மிஷினுக்குப் போக ஆளுக்கு ஆள் தயங்கினார்கள். கதவு சாத்தியதும் பேச்சுக் குறைந்துபோகும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பார்கள்.

எனக்கும் ஒன்று நடந்தது. மத்தியானம் கெட்டிலில் டீ எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போய் ஊற்றுவது என் வழக்கம். அன்றைக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கொஞ்சம் உயரத் தூக்கி ஊற்றினேன். டீ ஒழுகி விழவில்லை. கெட்டில் மூக்குக்கும் தம்ளருக்கும் நடுவே சொட்டுச் சொட்டாக, கோத்த மணி மாதிரி, காற்றில் தொங்கியது. தொங்கின மணி தொங்கியபடியே இருக்க, தம்ளர் மட்டும் நிறைந்தது. கெட்டிலை வெடுக்கென்று நிமிர்த்தினேன், தரையெல்லாம் டீ.

ஃபிட்டரிடம் சொன்னேன். "அக்கா, உங்களுக்கு வயசாகுது. கண்ணாடி போடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் சொன்னேன். கட்டுப் போடாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

"நீங்களும் பார்த்தீங்களா அக்கா? நிஜமாவா?"

"பார்த்தேன்டி. என்னன்னுதான் தெரியல."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கண்ணாடி போடச் சொல்றாரு."

சிரித்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் ஆளே மாறிப்போயிருந்தாள். எதையும் கண்ணால் பார்த்து நம்புவதை விட்டுவிட்டாள். அடுப்பு அணைந்திருக்கிறது என்று தெரிந்தும், உள்ளங்கையை மேலே காட்டிச் சூடு பார்ப்பாள். குழாய் மூடியிருக்கிறதா என்று அடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். வீட்டு மின்விசிறி அணைந்து நின்ற பிறகும் அதன் கீழே நின்று, "வாலு, இது நின்னுட்டு இருக்கா?" என்பாள். "நின்னுடுச்சு அண்ணி" என்றால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். வாலு மறுபடியும் போய்ச் சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பாள். இப்படி ஒரு கேள்வியோடு ஒருத்தி வீட்டில் உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கும் மெல்ல மெல்லப் பயம் தொற்றத்தான் செய்யும்.

இந்த நிலையில்தான் வாலு ஆலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். அண்ணியின் இடம் காலியாக இருந்தது. வேறு யாரையாவது போட்டுவிட்டால் அண்ணி திரும்பிப் போக வழியில்லை என்று அவளுக்குக் கணக்கு. நல்ல எண்ணம்தான்.

"வேண்டாம்" என்றாள் தங்கச்சி.

"ஏன் அண்ணி?"

"அந்த ஃபேன் கிட்ட உன்னை விடமாட்டேன்."

"அண்ணி, நான் என் கையாலயே சுவிட்சை அணைச்சிட்டுத்தான் போவேன். அண்ணன் மேல ஆணை. போதுமா?"

"நீ அணைப்ப. அது அணையணுமே."

ஃபிட்டருக்குத் தாங்கவில்லை. "நிறுத்தறியா? அந்தக் கூடத்துக்கு வெளிச்சம் கொண்டாந்தவன் நான், காத்து கொண்டாந்தவன் நான். ஆளுங்க இப்பல்லாம் மயங்கி விழறதில்ல. நீ பேய் பிசாசுன்னு கிளப்பிவிட்டா, எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழைய பல்பை மாட்டிடுவான். பழையபடி ஆளுங்க சுருண்டு விழட்டும்னு சொல்றியா?"

"நான் பேய்னு சொன்னேனா? பார்த்ததைச் சொன்னேன்."

"பார்த்தது தப்பு!"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் ரொட்டி மாவைப் பிசைந்தபடி நின்றிருந்தேன். அவர் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சொல்வது உண்மை என்றால், அவளுடைய விரல்களைத் தின்றது அவர் கேட்டு வாங்கின நல்லதுதான். அதை எந்த மனிதன் தாங்குவான்? பாவம் என்றும் தோன்றியது, நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலவும் இருந்தது.

வாலு வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை வந்தது. துடைக்கிற முறை அவளுடையது.

அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வாசல் இரும்புக் கதவில் கை வைக்க முடியவில்லை. மத்தியானச் சோறு முடிகிற நேரத்தில் தங்கச்சி கேன்டீனுக்கு வந்து நின்றாள். கையில் கட்டு, காலில் செருப்புகூட இல்லை.

"வீட்டுல இருக்க முடியல அக்கா. உங்களோட உள்ள வர்றேன். டீ எடுத்துட்டு வர்ற மாதிரி."

"வா. தம்ளரைப் பிடிச்சுக்கோ" என்றேன்.

கதவை விலக்கி உள்ளே போனதும், பக்கத்தில் இருந்தவர் அனல் அடிக்கிறதென்று உடனே இழுத்துச் சாத்திவிட்டார். வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு அந்த வெள்ளை வெளிச்சம் கூசியது. எல்லா மிஷினும் இரைந்தன. கடைசியில், விசிறிக்குப் பின்பக்கமாக, வாலு போய்க்கொண்டிருந்தாள். கையில் துணிப்பந்து.

விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

என் கண்ணால் பார்த்தேன். நாலு இறக்கையும் தனித்தனியாகத் தெரிந்தன. பின்பக்கமாக, அவசரமே இல்லாமல், ஒரு குழந்தை கையால் தள்ளிவிட்ட மாதிரி சுற்றியது. 'நல்லவேளை, அணைத்துவிட்டாள்' என்றுதான் எனக்கும் தோன்றியது. வாலு திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மிஷின் பக்கத்தில் இருந்த ஃபிட்டர் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார். பிறகு வாலுவைப் பார்த்து, 'ம், துடை' என்று தலையை ஆட்டினார்.

தங்கச்சி கையிலிருந்த தம்ளர்கள் கீழே விழுந்தன.

"இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "அக்கா, அன்னிக்கும் இப்படியேதான் இருந்துச்சு."

அவள் கத்தினாள். காதில் பஞ்சு வைத்தவர்களுக்கு எங்கே கேட்கும்? கூடத்தின் அந்தக் கோடிக்கு ஓடி எட்ட முடியாது. மெயின் சுவிட்ச் வெளிச்சுவரில் இருக்கிறது. அதை இழுத்துவிட வேண்டும் என்றுதான் கதவுக்கு ஓடினாள். ஒரு கையால் அந்தக் கதவை யாராலும் நகர்த்த முடியாது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நான் கெட்டிலை விட்டெறிந்துவிட்டு அவளோடு சேர்ந்து தள்ளினேன். கதவு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடித் திறந்தது.

மத்தியான வெயில் கூடத்தின் கோடி வரைக்கும் போய் விழுந்தது.

மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறி காணாமல் போனது. அந்த இடத்தில் வெறும் புகை வட்டம், முழு வேகத்தில். வாலுவின் கை அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். கையிலிருந்த துணிப்பந்து பறந்து இறக்கையில் பட்டு, கந்தல் கந்தலாகக் கூரை வரைக்கும் போனது.

தங்கச்சி வெளியே ஓடி மெயினை இழுத்தாள். விளக்கெல்லாம் அணைந்தது, மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. விசிறி மட்டும் நெடுநேரம் உறுமிக்கொண்டே இருந்தது.

காரணத்தைப் பிற்பாடு மின்சார ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அந்த மலிவு விளக்குகள் விடாமல் எரிவதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றனவாம். ஒவ்வொரு முறை எரியும்போதும் ஓர் இறக்கை இருந்த இடத்துக்குச் சரியாக அடுத்த இறக்கை வந்து நின்றால், ஓடுகிற விசிறி நிற்பதுபோலவும், கொஞ்சம் பிந்தினால் பின்னால் நகர்வதுபோலவும் தெரியுமாம். ஒரே இறக்கையில் ஒட்டின நூல் நாலிலும் இருக்கிற மாதிரி தெரிந்ததும் அதனால்தானாம். கதவு வழியாகவோ கூரை வழியாகவோ சூரிய வெளிச்சம் வந்தால் அந்தக் கண்கட்டு கலைந்துவிடுமாம். விசாரணையைக் கதவைத் திறந்துவைத்து நடத்தினால் என்ன தெரியும்? இதெல்லாம் அப்புறம் வந்த அறிவு. அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நின்ற இடத்தில் நின்றோம்.

ஃபிட்டர் ஓடிப்போய் வாலுவைத் தூக்கினார். அவள் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அணைக்காம ஏன்டி போன? ஆணையெல்லாம் வெச்சியே! ஏன் அணைக்கல?"

"நீதானேண்ணே அணைச்ச?" என்றாள் வாலு. "நான் சுவிட்சுக்குத்தான் வந்துட்டு இருந்தேன். அதுக்குள்ள ஃபேன் நிக்கற மாதிரி சுத்துச்சு. எனக்காக நீ அணைச்சிட்டன்னு நெனச்சேன். உன்னைப் பார்த்தேன், நீயும் தலையாட்டின."

"நான் எங்க அணைச்சேன்? நீ அணைச்சிட்டுப் போறன்னுதான் நான்..."

வாலுவின் கையைப் பிடித்தபடி ஃபிட்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேரும் சுற்றி நின்றோம். தங்கச்சி எங்களை விலக்கிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"அவ அணைக்கல. நீங்களும் அணைக்கல. அப்புறம் ஏன் அவளைப் போன்னு தலையாட்டினீங்க?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நின்னுட்டு இருந்துச்சே..." என்றார்.

"என்ன பார்த்தீங்க? சொல்லுங்க."

"மெதுவா சுத்துச்சு." அவர் குரல் யாருடையதோ போல இருந்தது. "நாலு இறக்கையும் தெரிஞ்சுது. பின்னாடி... பின்னாடி சுத்துச்சு."

"நானும் அதைத்தாங்க பார்த்தேன்" என்றாள் அவள்.

ஃபிட்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை, அத்தனை பேர் முன்னால், அடிபட்டவன்போல அழுதார். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவில்லை. வாலு தவழ்ந்துபோய் அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாள். தங்கச்சி கட்டுப் போட்ட கையைப் புருஷன் தலைமேல் வைத்தாள். அந்தக் கையால் அவள் ஒன்றைத் தொட்டது அப்போதுதான்.

சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார். "என்ன இதெல்லாம்? யாரு மெயினை இழுத்தது? முதல்ல கதவைச் சாத்துங்கய்யா, அனல் உள்ள வருது பாரு."

ஃபிட்டர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய், கதவு ஓடுகிற பள்ளத்தில் இரண்டு காலையும் ஊன்றி, குறுக்கே நின்றுகொண்டார்.

"வரட்டும்" என்றார்.